உரிந்துபோன சொரசொரப்பு: ஒரு ரைஃபிள் ஸ்டாக்கில் எபாக்ஸிப் பிடியை மறுபடி அமைத்த நிகழ்வு ஆய்வு

மேசைக்கு வந்தது ஒரு .22 ரிம்ஃபயர் போல்ட் ஆக்‌ஷன் ரைஃபிளின் ஸ்டாக், அதாவது துப்பாக்கியைக் கையிலும் தோளிலும் தாங்கும் உடல்பகுதி, மட்டும்தான். குழலும், போல்ட் பொருந்தும் உலோகப் பகுதியான ரிசீவரும் அதன் உரிமையாளரிடமே இருந்தன. ஸ்டாக் வேலைக்கு இதுவே சரியான ஏற்பாடு என்பது என் கருத்து. மேகசினை எடுத்து, போல்ட்டை உருவி, தோட்டா அறை காலியாக இருப்பதைக் கண்ணாலும் விரலாலும் உறுதி செய்துவிட்டு, ஆக்‌ஷன் ஸ்க்ரூக்களைக் கழற்றி ஸ்டாக்கைத் தனியே பிரித்துவிட்டால், மேசைமேல் இருப்பது வெறும் பிளாஸ்டிக். ரெசின் என்ற பிசினும் அதை இறுக்கும் ஹார்டனரும் கலந்த எபாக்ஸி வழிந்து விசைப் பொறிக்குள் போய்விடுமோ என்ற பயமும் இல்லை.

கறுப்பு நிற, அச்சில் வார்த்த ஸ்டாக். முன்பிடியின் உள்ளே விலா எலும்பு மாதிரி குறுக்குத் தடுப்புகள், நடுநடுவே வெற்றிடம். வெளிப்பரப்பு வழவழப்பு. அதன் கைப்பிடியிலும் முன்பிடியின் இருபக்கங்களிலும் வேறொருவர் ஏற்கெனவே எபாக்ஸியும் மணலும் போட்டுச் சொரசொரப்பு செய்து கொடுத்திருந்தார். உரிமையாளர் சொன்ன குறைகள் இரண்டு. ஒன்று, கைப்பிடியின் வலப்பக்கத்தில் அந்தப் படலம் ஓடு ஓடாகப் பெயர்ந்து வருகிறது. இரண்டு, பெயராமல் நிற்கும் இடங்கள் உள்ளங்கையை அறுக்கின்றன. கொஞ்ச நேரம் பயிற்சி செய்தாலே கட்டைவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவிலுள்ள சதை சிவந்துவிடுகிறது. அப்புறம் வலிக்குப் பயந்து அவர் பிடியை மாற்றிக்கொள்கிறார், குறி சிதறுகிறது.

உரியும் பிரச்சினையும் உறுத்தும் பிரச்சினையும் ஒரே தவறிலிருந்து வந்தவை என்றுதான் அவர் நினைத்திருந்தார். பார்க்கப் பார்க்க அவை இரண்டும் தனித்தனி என்பது தெளிவானது. முதலாவது அடிப்பரப்பு சம்பந்தப்பட்டது. இரண்டாவது, கூரான நுனிகள் சம்பந்தப்பட்டது. இப்படிப் பிரித்துப் பார்க்காமல் ‘நல்ல எபாக்ஸி’ வாங்கி மறுபடி பூசியிருந்தால் பாதிப் பிரச்சினை அப்படியே தங்கியிருக்கும்.

உரிந்த துண்டு சொன்ன சேதி

பெயர்ந்து வந்த ஒரு சில்லைத் திருப்பிப் பார்த்தேன். அடிப்பக்கம் கண்ணாடிபோல் பளபளப்பாக இருந்தது. ஸ்டாக்கின் மேல் இருந்த நுண்ணிய அச்சுக் கோடுகள்கூட அதில் அப்படியே பதிந்திருந்தன. ஸ்டாக் பக்கம் பார்த்தால் எபாக்ஸியின் ஒரு துகள்கூட ஒட்டியிருக்கவில்லை.

ஒட்டு வேலை செய்பவர்களுக்கு இது ஒரு தெளிவான அடையாளம். ஒட்டிய படலம் இரண்டு விதமாகத் தோற்கும். படலமே நடுவில் உடைந்து, பாதி இந்தப் பக்கமும் பாதி அந்தப் பக்கமுமாக நின்றால், பசை நன்றாகப் பிடித்திருக்கிறது, அதன் சொந்த வலிமைதான் போதவில்லை என்று பொருள். படலம் முழுசாகக் கழன்று, அடிப்பரப்பு துடைத்து வைத்தாற்போல் இருந்தால், பசை ஒருநாளும் பிடிக்கவே இல்லை. இங்கே நடந்தது இரண்டாவது. இவ்வளவு நாள் அந்தப் படலத்தை நிறுத்தி வைத்தது கைப்பிடியின் வளைவு மட்டும்தான். வளைவைச் சுற்றி ஓடுபோல் இறுகி நின்றிருக்கிறது, ஓரிடத்தில் விரிசல் விட்டதும் மொத்தமும் கழலத் தொடங்கிவிட்டது.

ஸ்டாக்கின் பரப்பில் உப்புத்தாள் போட்ட கீறல் ஒன்றுகூட இல்லை. அச்சிலிருந்து வந்த பளபளப்பின் மேலேயே பூசியிருக்கிறார்கள். வார்ப்பு அச்சிலிருந்து பொருள் சுலபமாகக் கழன்று வருவதற்காகவே ஒரு வழுக்குப் பொருளைத் தெளிப்பார்கள், அதன் மிச்சம் பரப்பில் தங்கும். போதாக்குறைக்குத் துப்பாக்கி வைத்திருப்பவர்கள் துரு பிடிக்காமல் இருக்க எண்ணெய்த் துணியால் துடைப்பார்கள். அந்தத் துணியில் சிலிக்கோன் இருந்தால், எபாக்ஸிக்கு அதைவிடப் பெரிய எதிரி வேறில்லை.

சில்லின் மேல்பக்கம் இன்னொரு கதையைச் சொன்னது. மணல் துகள்கள் கழன்று விழுந்த இடங்களில் சின்னச் சின்னக் குழிகள். அதாவது, துகள்கள் எபாக்ஸிக்குள் முழுதாக நனைந்து உட்காரவில்லை, பாதி இறுகிய பின் தூவப்பட்டிருக்கின்றன. எபாக்ஸி ஐந்து நிமிட வகை என்று உரிமையாளருக்கு நினைவிருந்தது. அந்த வகையில் பெரும்பாலும் மெர்கேப்டன் ரக ஹார்டனர் இருக்கும். சட்டென்று இறுகும், ஆனால் வெப்பத்தையும் ஈரத்தையும் தாங்குவதில் மெதுவாக இறுகும் அமீன் ரகத்துக்கு ஈடாகாது. வளைந்த பரப்பில் பூசி, சமன் செய்து, மணல் தூவி முடிக்க ஐந்து நிமிடம் எந்தக் கைக்கும் போதாது. உடைந்த கோப்பைக் கைப்பிடியை ஒட்டுவதற்கு அது சரி, இந்த வேலைக்கு அல்ல.

முதலில், இது என்ன பிளாஸ்டிக்?

இந்தக் கேள்வியைத் தாண்டாமல் யாரும் எபாக்ஸி டப்பாவைத் திறக்கக் கூடாது என்று அழுத்திச் சொல்வேன். மலிவான வார்ப்பு ஸ்டாக்குகளில் பாலிப்ரொப்பிலீனும் உண்டு, கண்ணாடி இழை கலந்த நைலானும் உண்டு. பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். பாலிப்ரொப்பிலீனின் பரப்பு ஆற்றல் மீட்டருக்கு 30 மில்லிநியூட்டன் அளவில்தான். நைலானுக்கு 40க்கு மேல். திரவ எபாக்ஸியின் பரப்பு இழுவிசையும் 40க்கு மேலேதான். ஒரு திரவம் தன்னைவிடக் குறைந்த ஆற்றலுள்ள பரப்பில் பரவாது, சுருண்டு துளியாக நிற்கும். பரவாத இடத்தில் பிடிப்பு ஏது?

பின்தட்டைக் கழற்றி, கண்ணுக்குத் தெரியாத உள்விளிம்பிலிருந்து கத்தியால் மெல்லிய சீவல் ஒன்றை எடுத்தேன். கலப்பில்லாத பாலிப்ரொப்பிலீனின் அடர்த்தி கன சென்டிமீட்டருக்கு 0.9 கிராம், தண்ணீரில் மிதக்கும். இந்தச் சீவல் மூழ்கியது. அதை வைத்து மட்டும் நைலான் என்று முடிவு கட்ட முடியாது. 30 சதவீதம் கண்ணாடி இழை கலந்த பாலிப்ரொப்பிலீனும் 1.1க்கு மேல் போவதால் மூழ்கத்தான் செய்யும். எனவே, இனி கரையாது என்கிற அளவுக்கு உப்புப் போட்ட நீரில் அதே சீவலைப் போட்டேன். அந்த உப்புநீரின் அடர்த்தி ஏறத்தாழ 1.2. இழை கலந்த பாலிப்ரொப்பிலீன் அதில் மிதக்கும். அதே அளவு இழை கலந்த நைலான் 1.36 அளவில் இருப்பதால் அதிலும் மூழ்கும். சீவலில் ஒட்டிய காற்றுக்குமிழியை விரலால் நசுக்கி விடுவது முக்கியம், இல்லாவிட்டால் குமிழி தூக்கிவிட்டதை மிதப்பு என்று எண்ணிவிடுவோம்.

மூழ்கியது. உறுதிக்காக இன்னொரு சீவலை இடுக்கியில் பிடித்து, காற்றோட்டமான இடத்தில் நெருப்பில் காட்டினேன். முடி கருகும் வாடை வந்தது. பாலிப்ரொப்பிலீனாக இருந்தால் அணைத்த மெழுகுவத்தி வாடை வந்திருக்கும். ஆக, நைலான். எபாக்ஸி பிடிக்கக்கூடிய பரப்பு. முன்பு உரிந்ததற்குப் பிளாஸ்டிக்கின் மேல் பழி இல்லை, தயார் செய்யாததுதான் காரணம்.

நைலானுக்கு ஒரு குணம் உண்டு. அது காற்றிலுள்ள ஈரத்தைக் குடிக்கும். நைலான் 66 சாதாரண ஈரப்பதத்திலேயே தன் எடையில் 2.5 சதவீதம் அளவுக்குத் தண்ணீரை வைத்துக்கொள்ளும், முழுக்க ஊறினால் 8 சதவீதத்தைத் தாண்டும். கழுவிய ஸ்டாக்கை உடனே பூசாமல் உலர்ந்த வெதுவெதுப்பான இடத்தில் நன்றாக ஆறப்போட்டதற்கு இதுதான் காரணம்.

பிடி எதற்கு?

எப்படிப்பட்ட சொரசொரப்பு வேண்டும் என்று முடிவு செய்வதற்கு முன்னால், அது எதற்கு என்று கேட்க வேண்டும். கையை ஸ்டாக்கோடு பூட்டுவதற்கு என்று பலர் நினைக்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. வழுக்கும் ஸ்டாக்கைப் பிடிக்கக் கை இறுக்கும். இறுக்கினால் தசை நடுங்கும், விசையை இழுக்கும் விரல் தனியே அசையாமல் மற்ற விரல்களையும் சேர்த்து இழுக்கும். நல்ல பிடிப்பரப்பு செய்கிற உதவி, குறைந்த அழுத்தத்தில் கையை ஒரே இடத்தில் நிற்க வைப்பது. கை தளர வேண்டும், ஆனால் நகரக் கூடாது. அந்த அளவுக்குச் சொரசொரப்பு போதும். அதற்கு மேல் போனால் தோலுக்குத்தான் சேதம்.

வியர்வையின் கணக்கும் இதில் சேரும். லேசாக ஈரமான தோல், காய்ந்த தோலைவிட நன்றாகவே பற்றும். ஈரம் கூடித் தண்ணீர்ப் படலமாக ஆகும்போதுதான் வழுக்கத் தொடங்குகிறது. அப்போது மேடுகளைவிட மேடுகளுக்கு நடுவே இருக்கும் பள்ளங்கள் முக்கியமாகின்றன. தண்ணீர் ஒதுங்க அவை இடம் கொடுக்கின்றன. பழைய படலத்தில் மணல் நெருக்கமாக, பள்ளமே இல்லாமல் அடைந்திருந்தது. உலர்ந்தால் அறுப்பதும் நனைந்தால் வழுக்குவதும் அதனால்தான்.

மர ஸ்டாக்குகளில் காலங்காலமாகச் செதுக்கும் செக்கரிங் வைரக்கட்டங்கள் இதற்கு நல்ல அளவுகோல். அங்குலத்துக்கு 18 முதல் 24 கோடுகள் என்பது வழக்கமான இடைவெளி. 20 கோடு என்றால் நுனிக்கு நுனி 1.27 மி.மீ. எத்தனையோ கைகள் பிடித்துப் பார்த்து நிலைத்த அளவு அது. எபாக்ஸி மேடுகளுக்கும் ஒன்று முதல் ஒன்றரை மி.மீ. இடைவெளியைக் குறியாக வைத்தேன்.

எடை போட்ட வழிகள்

சூடான சால்டரிங் கம்பியால் பிளாஸ்டிக்கிலேயே புள்ளி புள்ளியாக உருக்குவது ஒரு வழி. கண்ணாடி இழை கலந்த நைலானில் இது எனக்குப் பிடிப்பதில்லை. இழை முனைகள் வெளியே நீட்டிக்கொண்டு தோலில் ஏறும், புகை கெட்டது, சுவர் மெலிந்த இடத்தில் ஓட்டை விழுந்தால் திரும்ப வழியில்லை. உள்ளே வெற்றிடமான ஸ்டாக்குக்கு இது ஆபத்தான பந்தயம்.

எபாக்ஸி பூசி, அலுமினியம் ஆக்சைடு அல்லது சிலிக்கன் கார்பைடு துகளைத் தூவுவது அடுத்தது. துகளின் அளவை நம்பிக்கையோடு தேர்ந்தெடுக்கலாம் என்பது இதன் பலம். பி எண் கூடக் கூடத் துகள் சிறிதாகும்: பி60 துகளின் சராசரி 269 மைக்ரான், பி80க்கு 201, பி120க்கு 125. கையுறை போட்டுச் சுடுபவர்களுக்கு இது நன்றாகவே பொருந்தும். வெறுங்கைக்கு வேண்டாம் என்பேன். உடைத்துத் தயாரித்த துகளின் ஒவ்வொரு விளிம்பும் ஒரு வெட்டுமுனை. அதன்மேல் இன்னொரு பூச்சுப் போட்டு முனையை மழுக்கினால் உயரமும் சேர்ந்து குறைந்துவிடுகிறது. சட்டைத் துணி, தோள்வார், துப்பாக்கி உறை எல்லாவற்றையும் அது தேய்க்கும்.

ஈர எபாக்ஸியில் கல் உப்பைத் தூவி, இறுகிய பின் தண்ணீரில் கரைத்துவிட்டுக் குழிகளை மட்டும் விடுகிற வழியும் இருக்கிறது. தோலுக்கு மிக இதமான பரப்பு கிடைக்கும். வழுக்காமல் தடுக்கும் திறன் கொஞ்சம் குறைவு, குழிகளில் அழுக்கு சேரும்.

தேர்ந்தெடுத்தது, கெட்டியாக்கிய எபாக்ஸியைப் பூசி, அது இறுகுவதற்குச் சற்று முன் விறைப்பான தூரிகையால் குத்திக் குத்தி மேடுகளை எழுப்புவது. மேடுகள் எபாக்ஸியாலேயே ஆனவை, கழன்று விழத் துகள் என்று எதுவும் கிடையாது. நுனி கூராக இருந்தால் பிறகு தேய்த்து மழுக்கிக்கொள்ளலாம். எழுந்ததைக் குறைக்க முடியும் என்பதுதான் இதில் எனக்குப் பிடித்த விஷயம்.

பழையதை எடுப்பதும் அடிப்பரப்பும்

பிடிக்காத படலம் என்பதால் பெரும்பகுதி பிளாஸ்டிக் கரண்டியால் நெம்பியதும் வந்துவிட்டது. ஒட்டிக்கொண்டிருந்த இடங்களில் சூட்டுக்காற்றுக் கருவியைத் தூரத்தில் வைத்து லேசாகச் சூடாக்கினேன். அறை வெப்பத்தில் இறுகிய எபாக்ஸி பெரும்பாலும் 50, 60 டிகிரி செல்சியஸ் பக்கத்திலேயே விறைப்பை இழந்து ரப்பர்போல் ஆகும். அந்த அளவுச் சூடு நைலானை ஒன்றும் செய்யாது. உலோகக் கத்தியால் சுரண்டினால் ஸ்டாக்கில் பள்ளம் விழும்.

அடுத்த வரிசை மாறக் கூடாது. முதலில் சோப்பு, வெதுவெதுப்பான தண்ணீர், பிரஷ். பிறகு ஐசோப்ரோபைல் ஆல்கஹாலில் நனைத்த சுத்தமான துணியால் ஒரே திசையில் துடைப்பு, துணியை அடிக்கடி மாற்றி. இதற்குப் பின்தான் உப்புத்தாள். எண்ணெய் இருக்கும்போதே தேய்த்தால் அந்த எண்ணெயைக் கீறல்களுக்குள் நாமே அழுத்தி அனுப்பிவிடுவோம்.

தேய்ப்பதற்கு முன் மாஸ்கிங் டேப்பால் எல்லை கட்டினேன். இங்கே அவசரப்படவே இல்லை. உரிமையாளரைப் பிடிக்கச் சொல்லி, கை உண்மையில் எங்கே அழுந்துகிறது என்று சுண்ணக்கட்டியால் கோடு போட்டு வைத்திருந்தேன். கைப்பிடியின் இரு பக்கமும் முன்பக்கமும் வேண்டும். கட்டைவிரல் இடுக்குச் சதை அழுந்தும் பின்மேடு வேண்டாம், அங்கே கை ஸ்டாக்கின் மேல் உருள வேண்டியிருக்கிறது. கன்னம் படும் இடத்தின் பக்கமே போகக் கூடாது. முன்பிடியின் பக்கவாட்டுகள் வேண்டும், அடிப்பகுதி வேண்டாம். மணல் பையின் மேல் வைத்துச் சுடும்போது அந்த அடிப்பரப்பு ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரி சறுக்க வேண்டும். விசைக் காப்பு வளையத்தின் ஓரத்திலிருந்தும் குழல் படுக்கும் வாய்க்காலின் மேல் விளிம்பிலிருந்தும் சில மி.மீ. தள்ளியே எல்லை. அந்த விளிம்பில் எபாக்ஸி ஏறி உள்ளே வழிந்து இறுகினால், எதையும் தொடாமல் நிற்க வேண்டிய குழலை ஒரு பக்கம் தள்ளும், துல்லியம் கெடும்.

120ஆம் எண் உப்புத்தாளை ஈரமாகப் போட்டு, பளபளப்பு எங்குமே மிச்சமில்லாமல் மங்கும்வரை தேய்த்தேன். கண்ணாடி இழைத் தூசி காற்றில் பறக்காமல் இருக்கத்தான் ஈரம். முகமூடியும் போட்டே செய்தேன். கழுவிய பின் பரப்பின் மேல் சுத்தமான தண்ணீரை ஊற்றிப் பார்த்தேன். எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் தண்ணீர் விலகி முத்து முத்தாக நிற்கும். சுத்தமாக இருந்தால் உடையாத ஒரே படலமாக நிற்கும். கைப்பிடியின் இடப்பக்கத்தில் ஓரிடத்தில் படலம் விலகியது. அந்த இடத்துக்கு மட்டும் சோப்பிலிருந்து மறுபடி தொடக்கம். காசே செலவில்லாத சோதனை இது, இந்த வேலையில் வேறெதைவிடவும் இதைத்தான் நம்புகிறேன்.

நன்றாக உலர்ந்த பின், குழல் வாய்க்காலுக்குள் யார் கண்ணுக்கும் படாத ஒரு மூலையை இதே மாதிரி தயார் செய்து ஒரு பொட்டு எபாக்ஸி வைத்து இறுகவிட்டு, உளியால் தட்டிப் பார்த்தேன். பொட்டு நடுவில் உடைந்தது. அடிப்பாகம் நைலானோடு நின்றது. அதைப் பார்த்த பிறகுதான் வெளிப்பரப்பில் கை வைத்தேன். அந்த மிச்சத்தையும் தேய்த்துச் சமன் செய்துவிட்டேன், குழலைத் தொட எதுவும் இருக்கக் கூடாது.

கலவையும் குத்துதலும்

மெதுவாக இறுகும் அமீன் ரக எபாக்ஸியை எடுத்தேன். ரெசினையும் ஹார்டனரையும் தயாரிப்பாளர் சொன்ன விகிதத்தில் தராசில் எடை பார்த்துக் கலந்தேன். டப்பாவில் போட்டிருக்கும் விகிதம் எடைக்கா கனஅளவுக்கா என்று பார்ப்பது அவசியம். இரண்டின் அடர்த்தியும் வேறு என்பதால் ஒன்றை மற்றொன்றாக எடுத்துக்கொண்டால் கணக்கு தவறும். வேகமாக இறுகட்டும் என்று ஹார்டனரைக் கூட்டிப் போடுவது பலர் செய்யும் காரியம். எபாக்ஸியில் அது நடக்காது. ரெசின் மூலக்கூறும் அமீனும் எண்ணிக்கைப்படி கைகோத்து வலையாகிறவை. ஒன்று மிஞ்சினால் மிஞ்சியது இணை கிடைக்காமல் உள்ளேயே நிற்கும், படலம் கடைசிவரை பிசுபிசுக்கும்.

கையுறை பற்றி ஒரு வார்த்தை. நைட்ரைல் கையுறை இல்லாமல் இந்த வேலையைத் தொட வேண்டாம். எபாக்ஸி ரெசினும் அமீனும் தோலில் ஒவ்வாமையை உண்டாக்கக்கூடியவை. அந்த ஒவ்வாமை ஒருமுறை வந்துவிட்டால் போகாது, அப்புறம் கொஞ்சம் பட்டாலே தடித்துக் கொப்பளிக்கும். தோலில் பட்டதை அசிட்டோன் போட்டுத் துடைப்பது இன்னும் மோசம், அது எபாக்ஸியைக் கரைத்துத் தோலுக்குள் செலுத்தும். சோப்பும் தண்ணீரும் போதும்.

முதலில் கெட்டியாக்காத எபாக்ஸியை மிக மெல்லிசாக எடுத்து, குட்டைத் தூரிகையால் உப்புத்தாள் கீறல்களுக்குள் அழுத்தித் தேய்த்தேன். கெட்டிக் கலவை கீறல்களின் அடிவரை போகாது, மேலே பாலம் கட்டி நிற்கும். இந்த நனைப்புப் பூச்சுதான் பிடிப்பைத் தருகிறது. அது தொட்டால் ஒட்டுகிற பதத்துக்கு வந்ததும், புதிதாகக் கலந்த எபாக்ஸியில் அதைக் கெட்டியாக்கும் ஃப்யூம்டு சிலிக்காவைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்தேன். மிக லேசான பொடி, மூச்சு விட்டாலே பறக்கும், இதற்கும் முகமூடி வேண்டும். பற்பசைபோல் குச்சியில் எடுத்தால் நிற்கவும், அழுத்தினால் நகரவும் வேண்டும், அதுதான் பதம். கறுப்பு நிறப்பொடியும் சிறிதளவு சேர்த்தேன், பின்னாளில் கீறல் விழுந்தால் வெள்ளையாகத் தெரியாது.

எவ்வளவு தேவை என்று முன்பே கணக்குப் போட்டிருந்தேன். மூடவேண்டிய பரப்பு 130 சதுர சென்டிமீட்டர் அளவு. சராசரிக் கனம் 0.7 மி.மீ. என்றால் 9 கன சென்டிமீட்டர், எடையில் 11 கிராம் பக்கம். ரைஃபிளின் எடைக்கு முன்னால் இது ஒன்றுமே இல்லை, சமநிலை மாறாது. கலந்ததைக் கோப்பையில் குவியலாக விடாமல் தட்டையான தட்டில் பரப்பினேன். எபாக்ஸி இறுகும்போது வெப்பம் வெளிவிடும். குவியலாக இருந்தால் அந்த வெப்பம் வெளியேற வழியில்லாமல் தன்னைத்தானே முடுக்கிவிடும். 10 டிகிரி ஏறினால் வேகம் ஏறத்தாழ இரட்டிப்பாகும்.

பூசி முடித்தவுடன் குத்தத் தொடங்கக் கூடாது. இந்த வேலையில் பொறுமை கேட்கும் கட்டம் இது. சீக்கிரம் குத்தினால் எழும் மேடு நிற்காமல் மெல்ல உட்கார்ந்துவிடும். தாமதித்தால் தூரிகையோடு நூல் நூலாக இழுபட்டு, முடிபோல் நீட்டிக்கொண்டு நிற்கும். சரியான நேரத்தை அறிய, பக்கத்தில் ஒரு பழைய பிளாஸ்டிக் குழாயிலும் அதே கலவையை அதே கனத்தில் பூசி வைத்து, அதில்தான் குத்திக் குத்திப் பார்த்துக்கொண்டிருந்தேன். எழுந்த மேடு அப்படியே நிற்கத் தொடங்கியதும் ஸ்டாக்குக்கு வந்தேன். மயிரைக் குட்டையாக வெட்டிய விறைப்பான தூரிகை, பரப்புக்கு நேர்செங்குத்தாக, இழுக்காமல், மேலும் கீழுமாக மட்டும். ஒரு சுற்று முடிந்ததும் சற்று விட்டு இன்னொரு லேசான சுற்று. முதல் சுற்றில் உண்டான வரிசைகளை இரண்டாவது கலைத்துவிடும், சொரசொரப்பு ஒரே சீராகும்.

டேப்பை எப்போது எடுப்பது என்பதும் ஒரு கலை. ஈரமாக இருக்கும்போது எடுத்தால் விளிம்பு வழியும், முழுக்க இறுகிய பின் எடுத்தால் டேப்பே படலத்துக்குள் மாட்டி விளிம்பைப் பிய்க்கும். நகம் பதியும், ஆனால் ஒட்டாது என்கிற தோல் பதத்தில், டேப் ஓரமாகக் கூரிய கத்தியை ஓட்டிவிட்டுத் தாழ்ந்த கோணத்தில் மெல்ல உரித்தேன். விளிம்பு கோடு போட்டாற்போல் நின்றது.

நுனியை மழுக்குவது

தயாரிப்பாளர் சொல்லும் முழு இறுகல் நேரம் கடந்த பிறகு முதலில் செய்தது, தண்ணீரில் நனைத்த துணியால் கழுவியது. அமீன் எபாக்ஸி காற்றிலுள்ள ஈரத்தோடும் கரியமில வாயுவோடும் சேர்ந்து மேலே மெழுகுபோல் ஒரு படலம் விடுவதுண்டு. அது தண்ணீரில் கரையும். கழுவாமல் தேய்த்தால் உப்புத்தாள் அடைத்துக்கொள்ளும், கழுவாமல் பெயின்ட் அடித்தால் பெயின்ட் உரியும்.

எழுந்த மேடுகள் ஊசிபோல் இருந்தன. பார்வைக்கு அழகு, கைக்கு அரம். 220ஆம் எண் உப்புத்தாளை மென்மையான பஞ்சுக் கட்டையில் சுற்றி, அழுத்தாமல் நுனிகளை மட்டும் தடவினேன். கொஞ்சம் தடவுவது, கழுவுவது, வெறுங்கையால் பிடித்துப் பார்ப்பது. கண்ணால் முடிவு செய்ய முடியாத வேலை இது. உரிமையாளரைப் பிடிக்கச் சொல்லி, ‘இன்னும் கொஞ்சம்’ என்று அவர் சொல்லும்வரை தேய்த்து, ‘போதும்’ என்றதும் நிறுத்தினேன். கைப்பிடியில் அதிகம் தேய்க்க வேண்டியிருந்தது. முன்பிடியில் நுனியைக் கிட்டத்தட்ட அப்படியே விட்டோம், அங்கே கை தாங்குகிறதே தவிர இறுக்குவதில்லை. ஒரே ஸ்டாக்கில் இரண்டு இடத்துக்கு இரண்டு அளவு என்பது எனக்கே இந்த வேலையில்தான் இவ்வளவு தெளிவாகத் தெரிந்தது.

கடைசியில் மங்கலான கறுப்புப் பெயின்ட் இரண்டு மெல்லிய பூச்சு. இது அழகுக்கு மட்டும் இல்லை. புற ஊதாக் கதிர் படப்பட எபாக்ஸி மஞ்சளித்துச் சுண்ணாம்புபோல் உதிரத் தொடங்கும், பெயின்ட் அதற்குக் குடை. கனமாக அடித்தால் பள்ளங்கள் நிறைந்துபோகும்.

பயன்பாட்டில் தெரிந்தவை

ஒரு முழுப் பருவம் பயன்படுத்திய பின் ஸ்டாக் மறுபடி பார்வைக்கு வந்தது. விளிம்பு எங்கும் தூக்கவில்லை. கைப்பிடியில் கை அதிகம் உரசும் இடத்தில் பெயின்ட் தேய்ந்து நுனிகள் மினுமினுக்கின்றன. பிடிப்பு குறைந்ததாக அவர் சொல்லவில்லை, இன்னும் இதமாகிவிட்டது என்கிறார். சிவக்கும் பிரச்சினை இல்லை. மழையில் நனைந்தபோதும் கை நகரவில்லை என்றார். அதைவிட எனக்கு மகிழ்ச்சி தந்தது, பிடியை மாற்றிக்கொள்ளும் பழக்கம் அவருக்குப் போய்விட்டது என்பதுதான்.

முன்பிடியின் நுனிப்பக்கம் ஓரிடத்தில் சேதம். துப்பாக்கி சரிந்து ஏதோ கான்கிரீட் விளிம்பில் மோதியிருக்கிறது. அந்த இடத்தை உருப்பெருக்கியில் பார்த்தேன். படலம் நடுவில் உடைந்திருக்கிறது, கீழ்ப்பாதி நைலானோடு அப்படியே நிற்கிறது. உரிந்த சில்லில் பார்த்ததற்கு நேர் எதிரான உடைப்பு இது. வேலை நின்றிருக்கிறது என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி எனக்கு வேண்டாம். சரிசெய்வதும் சுலபமாக இருந்தது. உடைந்த பரப்பைத் தேய்த்து, துடைத்து, ஒரு சொட்டுக் கலவையை வைத்துத் தூரிகையால் குத்திவிட்டேன்.

பள்ளங்களில் தோல் அழுக்கு சேர்கிறது. சோப்பு நீரும் பழைய பல் துலக்கும் பிரஷ்ஷும் அதற்குப் போதும். மூடிய காருக்குள் வெயிலில் ஸ்டாக்கை விட வேண்டாம் என்று மட்டும் அவரிடம் கண்டிப்பாகச் சொன்னேன். கறுப்புப் பரப்பு எபாக்ஸி இளகும் 50, 60 டிகிரியை அங்கே எளிதாகத் தொட்டுவிடும். அந்த நேரத்தில் மேடுகளின் மேல் கனமான பொருள் எதுவும் அழுந்தியிருந்தால் அவை மட்டமாகிவிடும்.

வேறு ஸ்டாக்காக இருந்தால்

சீவல் உப்புநீரில் மிதந்து, மெழுகுவத்தி வாடை வந்திருந்தால் இந்த வேலையை எடுத்திருக்க மாட்டேன். பாலிப்ரொப்பிலீன் பரப்பை நெருப்புச் சுடரால் வருடியோ, அதற்கான தனி ப்ரைமர் பூசியோ ஒட்ட வைக்கலாம்தான். ஆனால் கை வியர்வையும் பின்னுதைப்பும் வளைவும் சேர்ந்த இடத்தில், வீட்டுப் பட்டறையில் செய்த அந்த ஒட்டை நம்ப எனக்கு மனம் வரவில்லை. அதற்குச் சொரசொரப்பான ரப்பர் ஒட்டுநாடாவே மேல். பெயர்ந்தால் புதிது ஒட்டலாம்.

மரமாக இருந்தால் யோசனை வேறு திசையில் போகும். பிடிப்புக்குக் கவலை இல்லை, ஏற்கெனவே உள்ள எண்ணெய்ப் பூச்சையும் வார்னிஷையும் முழுக்க எடுத்துவிட்டால் மரத் துளைகளுக்குள் எபாக்ஸி தானாகவே இறங்கும். அப்படி இறங்கியதைத் திரும்ப எடுக்கவே முடியாது என்பதுதான் கவலை. வால்நட்டில் கையால் செதுக்கிய செக்கரிங் தேய்ந்துபோயிருந்தால், அதன்மேல் எபாக்ஸியைப் பூசுவதற்குப் பதிலாக, அந்தக் கோடுகளையே மறுபடி கூர்மையாக்கித் தருபவரைத் தேடுவேன். ஏற்கெனவே பெயின்ட் அடித்த, அழகுக்காக யாரும் வைத்திருக்காத வேலைக்கார பீச் அல்லது பிர்ச் மர ஸ்டாக் என்றால், மேலே சொன்ன முறையை அப்படியே செய்யலாம். நனைப்புப் பூச்சை மட்டும் இரண்டு தடவை கொடுக்க வேண்டும், முதல் தடவை பூசியதை மரம் குடித்துவிடும்.